கோல்ஃப் கிரீனில் ரோலர் ஓட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டி வைத்திருக்கும் புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் சேர்க்கும் கடைசி அடிகள் அங்கேதான் ஆடப்படுகின்றன. அந்தத் தரையில் ரோலர் ஓட்டுவது குறித்துப் பராமரிப்பாளர்களும் நிர்வாகக் குழுவினரும் ஆட்டக்காரர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் விடை தரப்பட்டுள்ளது. ரோலரைப் பந்தின் வேகத்தைக் கூட்டும் கருவியாக மட்டும் பார்ப்பவர்கள் அதன் பெரிய பயனைக் கைநழுவ விடுகிறார்கள் என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணங்கள் விடைகளிலேயே இருக்கின்றன.

கிரீனில் ரோலர் ஓட்டுவதால் நேரடியாக என்ன நடக்கிறது?

புல்லின் இலைகள் ஒரே சீராகப் படிகின்றன. காலடித் தடங்கள், பந்து விழுந்த இடத்தைச் சரிசெய்தபின் எஞ்சும் சிறு மேடுகள், மண்புழு தள்ளிய மண் போன்றவை தட்டையாகின்றன. அதனால் பந்து துள்ளாமலும் வழி விலகாமலும் உருள்கிறது. மெதுவாக உருளும் பந்தில், குறிப்பாகக் குழியை நெருங்கி வேகம் தணியும் கடைசி ஓரிரு அடித் தூரத்தில், இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம்: ரோலர் ஓடாத கிரீனில் பந்து அந்த இடத்தில் லேசாக நடுங்கி நிற்கும், ரோலர் ஓடிய கிரீனில் நடுங்காமல் நிற்கும். வேகமும் கூடுகிறது. ஆனால் முதலில் கிடைப்பது சீரான உருட்டு. வேகம் அதைத் தொடர்ந்து வருவது.

கிரிக்கெட் ஆடுகளத்துக்குப் பயன்படுத்தும் ரோலரை இதற்கும் பயன்படுத்தலாமா?

கூடாது. கிரிக்கெட் ஆடுகளத்தில் களிமண்ணை வேண்டுமென்றே இறுக்குகிறார்கள். பந்து எழும்பி வர வேண்டுமானால் மண் கெட்டியாக இருக்க வேண்டும், ஆகவே அங்கே கனமான ரோலர் தேவைப்படுகிறது. கிரீனில் நிலைமை நேர்மாறானது. அங்கே மண் இளகலாக இருந்து, நீரையும் காற்றையும் வேர் வரைக்கும் விட வேண்டும். நாம் சமன் செய்ய விரும்புவது மேல் சில மில்லிமீட்டரை மட்டுமே. அதற்குக் கீழே இருக்கும் மண்ணின் அமைப்பைத் தொடாமல் விட வேண்டும். ஆகவே கிரீன் ரோலர்கள் எடை குறைந்தவையாக, அந்த எடையையும் பல உருளைகளின் மேல் பரப்பி வைக்கும்படி செய்யப்படுகின்றன.

ஒரு காலத்தில் ரோலர் கூடாது என்றார்களே, பிறகு ஏன் திரும்பி வந்தது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரீன்களில் கனமான ரோலர்கள் ஓட்டப்பட்டன. அன்றைய கிரீன்கள் பெரும்பாலும் அந்தந்த இடத்து மண்ணைக் குவித்துச் சமன் செய்தவை. களிமண்ணும் வண்டலும் மிகுந்தவை. ஈரமான களிமண்ணின் மேல் கனமான உருளையை ஓட்டினால் மண்துகள்களுக்கு இடையில் உள்ள காற்றறைகள் நசுங்கிவிடும், நீர் இறங்காது, வேர் மேலேயே தங்கிவிடும். இந்தக் கேட்டைப் பார்த்த பராமரிப்பாளர்கள் ரோலரை ஒதுக்கி வைத்தார்கள். அன்றைக்கு அது நியாயமான முடிவுதான்.

பிற்பாடு இரண்டு மாற்றங்கள் வந்தன. ஐக்கிய அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் கிரீன் கட்டுவதற்கான பரிந்துரையை வெளியிட்டது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் மிகுந்த வேர்ப்படுகை, அதற்கு அடியில் சரளைக்கல் அடுக்கு, வடிகால் குழாய் என்ற அந்த அமைப்பு உலகின் பல இடங்களுக்கும் பரவியது. பெருமணல் துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் களிமண்ணைப் போல எளிதில் இறுகுவதில்லை. அடுத்து, எடை குறைந்த ரோலர்கள் சந்தைக்கு வந்தன. இவ்விரண்டும் சேர்ந்ததால் 1990-களில் ரோலர் மறுபடியும் கிரீனில் ஏறியது.

அப்படியானால் மண் இறுகும் என்ற பயம் முற்றிலும் தேவையற்றதா?

மணல் அடிப்படையிலான கிரீனில், மண் நனைந்து சொதசொதவென்று இல்லாத நேரத்தில், எடை குறைந்த ரோலரை ஓட்டினால் பயப்படத் தேவையில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் நிக்கோலாய் 1990-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளில், மணல் மிகுந்த கிரீன்களில் வாரம் மூன்று முறை ரோலர் ஓட்டியும் மண் இறுக்கம் பொருட்படுத்தத்தக்க அளவுக்குக் கூடவில்லை.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது வியப்பளிக்காது. 75 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது ஒரு கால் மட்டும் தரையில் ஊன்றியிருக்கும் நொடியில், அந்தக் காலின் தொடுபரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ. ஓட்டுநருடன் சேர்த்து 400 கிலோ எடையுள்ள ரோலரின் உருளைகள் எல்லாம் சேர்ந்து 2 மீட்டர் நீளத்துக்கு, 5 சென்டிமீட்டர் அகலப் பட்டையாகத் தரையைத் தொடுகின்றன என்று கொண்டால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோ. இயந்திரத்துக்கு இயந்திரம் இந்த எண் மாறும். என்றாலும் ஓர் ஆட்டக்காரரின் காலடியைவிட ரோலர் பலமடங்கு கொடுமையானது என்ற எண்ணம் தவறு என்பது இதிலிருந்து விளங்கும்.

களிமண் மிகுந்த பழைய கிரீன் உள்ளவர்களுக்கு இந்த உறுதியைத் தர முடியாது. அவர்கள் எண்ணிக்கையைக் குறைத்து, தரை நன்கு காய்ந்த நாட்களில் மட்டும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் மண்துண்டு ஒன்றை வெட்டியெடுத்து வேரின் நீளத்தைப் பார்த்து வர வேண்டும்.

எத்தனை வகை ரோலர்கள் இருக்கின்றன?

பரவலாக இருப்பவை இரண்டு. முதலாவது, ஓட்டுநர் பக்கவாட்டில் உட்கார்ந்து ஓட்டும் தனி இயந்திரம். கிரீனின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் போய், திரும்பாமலேயே மற்றொரு மிதியை அழுத்தி அப்படியே பின்னோக்கி வரும். ஒரு கிரீனிலிருந்து இன்னொன்றுக்கு அதைச் சக்கரத்தில் ஏற்றி வண்டியால் இழுத்துச் செல்வார்கள். இரண்டாவது, மூன்று வெட்டுத்தலைகள் கொண்ட புல்வெட்டும் இயந்திரத்தில் அந்தத் தலைகளைக் கழற்றிவிட்டு மாட்டும் உருளைகள். இவற்றில் அதிர்வு கொடுக்கும் வகையும் உண்டு. தனி இயந்திரம் வேலையை விரைவாக முடிக்கும், நேர்கோட்டில் ஓடும். மாட்டும் உருளைகளுக்கு முதலீடு குறைவு, ஆனால் அந்த நேரத்தில் புல்வெட்டும் இயந்திரம் வேறு வேலைக்குக் கிடைக்காது. மின்கலத்தில் ஓடும் ரோலர்களும் இப்போது வந்துவிட்டன.

வேகம் எவ்வளவு கூடும்? எத்தனை நாள் நிற்கும்?

கிரீனின் வேகத்தை ஸ்டிம்ப்மீட்டர் என்ற கருவியால் அளக்கிறோம். 1935-இல் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், கிரீன்கள் அளவுக்கு மீறி வேகமாக இருக்கின்றன என்று உணர்ந்து, அதை எண்ணால் காட்டுவதற்காக மரத்தில் செய்த கருவி அது. பின்னர் ஐக்கிய அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை அலுமினியத்தில் திருத்தி அமைத்து, 1978-இல் மைதானங்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. 36 அங்குல நீளமுள்ள சட்டத்தின் பள்ளத்தில் பந்தை வைத்து மெல்ல உயர்த்தினால், ஏறக்குறைய 20 பாகை சாய்வில் பந்து தானே விடுபட்டு உருளும். அது சமதரையில் ஓடும் தூரத்தை அடிக்கணக்கில் சொல்வதுதான் கிரீனின் வேகம்.

புல்லை வெட்டியபின் ஒருமுறை ரோலர் ஓட்டினால் அன்றைய அளவீடு ஏறத்தாழ 1 அடி வரை கூடலாம். மறுநாள் அதில் ஒரு பகுதி குறையும். இரண்டாம் நாள் முடிவில் சிறிதளவே எஞ்சும். ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் கிடைக்கும் கூடுதல் வேகம் முந்தையதைவிடக் குறைவாகவே இருக்கும். இன்னொரு செய்தியையும் நினைவில் கொள்ள வேண்டும்: அரை அடி வேறுபாட்டைப் பெரும்பாலான ஆட்டக்காரர்களால் உணர முடிவதில்லை என்று மிச்சிகன் ஆய்வுகள் காட்டின. ஆகவே கால் அடிக்கும் அரை அடிக்கும் புல்லை வருத்துவது யாருக்கும் பயன்படாத வேலை.

ஸ்டிம்ப்மீட்டரில் சரியாக அளப்பது எப்படி?

கூடியவரை சமமான இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு திசையில் மூன்று பந்துகளை விட வேண்டும். அவை மூன்றும் ஒன்றுக்கொன்று 8 அங்குலத்துக்குள் நின்றிருந்தால் அவற்றின் சராசரியைக் குறித்துக்கொண்டு, அதே பாதையில் எதிர்த்திசையிலும் மூன்று பந்துகளை விட்டு, இரு சராசரிகளின் நடுவெண்ணை எடுக்க வேண்டும். சமமான இடம் கிடைக்காத கிரீனில் இந்த எளிய சராசரி உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். அங்கே ஏற்றத்தில் ஓடிய தூரத்தையும் இறக்கத்தில் ஓடிய தூரத்தையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, இரு தூரங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஏற்றத்தில் 8 அடி, இறக்கத்தில் 12 அடி என்றால் வேகம் 10 அடி அல்ல, 9.6 அடி.

ரோலர் ஓட்டினால் புல்லைக் கொஞ்சம் உயரமாக விடலாம் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு விடையை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள் என்றே சொல்வோம்.

கிரீனின் வேகத்தைக் கூட்டுவதற்குப் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது வெட்டு உயரத்தில். குளிர்ப் பகுதிகளில் வளர்க்கும் பென்ட்கிராஸ் என்ற புல் உள்ள கிரீனானாலும், அறுகம்புல் இனத்தைச் சேர்ந்த குட்டை ரகப் பெர்முடா கிரீனானாலும், வெட்டு உயரம் இன்று பெரும்பாலும் 2.5 முதல் 3.2 மில்லிமீட்டருக்குள் இருக்கிறது. அந்த அளவில் ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் விலை உண்டு. இலைப்பரப்பு குறைந்தால் ஒளிச்சேர்க்கை குறையும். ஒளிச்சேர்க்கை குறைந்தால் வேருக்குப் போகும் மாவுச்சத்து குறையும். வேர் குட்டையானால் வெப்பம் மிகுந்த பிற்பகலில் புல் தன் நீர்த்தேவையைத் தானே தேடிக்கொள்ள முடியாமல் வாடும். அத்துடன் இலைகளுக்கு இடையில் வெயில் விழுவதால் பாசிக்கும் களைக்கும் இடம் கிடைக்கிறது.

2.8 மில்லிமீட்டரில் வெட்டிக்கொண்டிருப்பவர், ரோலரை வாரம் மூன்று நாள் ஓட்டத் தொடங்கி, வெட்டு உயரத்தை 3.2 மில்லிமீட்டருக்கு ஏற்றினால், வேகத்தில் பெரிய இழப்பின்றி புல்லுக்கு நூற்றுக்குப் பதினான்கு பங்கு உயரம் கூடுதலாகக் கிடைக்கிறது. எண் சிறியதாகத் தோன்றலாம். வேனிலின் உச்சத்தில், ஒரு கிரீன் பிழைப்பதும் பிழைக்காததும் அந்தச் சிறு வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இன்னும் ஒருபடி மேலே போகலாம். சில நாட்களில் வெட்டுவதையே விட்டுவிட்டு ரோலரை மட்டும் ஓட்டலாம். ஒவ்வொரு வெட்டும் ஆயிரமாயிரம் இலைநுனிகளில் காயம் ஏற்படுத்துகிறது. ரோலர் அப்படிச் செய்வதில்லை. ஒரு நாள் வெட்டு, மறுநாள் ரோலர் என்ற முறையில், புல் மந்தமாக வளரும் பருவத்திலும் கடும் வெப்ப நாட்களிலும் ஆட்டக்காரர்களுக்கு வேறுபாடே தெரியாமல் கிரீனுக்கு ஓய்வு கொடுக்க முடியும். புல் வேகமாக வளரும் பருவத்தில் மட்டும் இது சரிவராது; இரண்டாம் நாள் இலை நீண்டு பந்தைப் பிடித்துவிடும்.

ரோலர் நோயைக் குறைக்கிறது என்பது நம்பத்தக்கதா?

சில நோய்களைப் பொறுத்தவரை நம்பத்தக்கதுதான். கிரீனில் சிறு காசளவு வெளிர்ப்புள்ளிகளாகத் தோன்றும் டாலர் ஸ்பாட் என்ற பூஞ்சை நோய், தொடர்ந்து ரோலர் ஓட்டிய பகுதிகளில் குறைந்திருப்பதை மிச்சிகன் ஆய்வுகள் கண்டன. காலைப் பனி துடைக்கப்படுவதுதான் காரணம் என்று முதலில் கருதப்பட்டது. ஆனால் இலை காய்ந்தபின் பிற்பகலில் ஓட்டிய பகுதிகளிலும் நோய் குறைந்தது. ஆகவே பனியைத் துடைப்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. குளிர்ந்த ஈரப்பருவத்தில் வரும் மைக்ரோடோக்கியம் திட்டு நோய், போவா என்ற புல்வகை உள்ள கிரீன்களில் ரோலரால் குறைவதை ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆந்த்ராக்னோஸ் என்ற மற்றொரு பூஞ்சை நோயை ரோலர் தூண்டிவிடும் என்ற அச்சம் நெடுநாளாக இருந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனைகளில் எடை குறைந்த ரோலரால் அந்த நோய் தீவிரமடையவில்லை.

இதைப் படித்துவிட்டுப் பூஞ்சைக்கொல்லியை அடியோடு நிறுத்திவிடக் கூடாது. மருந்தின் அளவைக் குறைக்கவும், தெளிப்புக்கும் தெளிப்புக்கும் இடைவெளியைக் கூட்டவும் ரோலர் துணை நிற்கும். நோய் முற்றிய கிரீனை அது தனியாகக் காப்பாற்றாது.

வாரத்துக்கு எத்தனை முறை ஓட்டலாம்?

நல்ல வடிகாலுள்ள மணல் கிரீனில் வாரம் மூன்று முறை என்பது பாதுகாப்பான தொடக்கம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், வாரம் ஒருமுறை ஓட்டியபோது கெடுதல் இல்லை. நான்கு முறையும் ஏழு முறையும் ஓட்டியபோது புல்லின் தரம் குறைந்தது. அந்த அளவுக்கு மேல் ஓட்டியும் நன்றாக இருக்கும் மைதானங்கள் உண்டு. அவை பெரும்பாலும் அதற்கு ஈடாக வெட்டுவதைக் குறைத்துக்கொண்டவை. வெட்டையும் குறைக்காமல், உயரத்தையும் ஏற்றாமல், தினமும் ரோலரையும் ஓட்டினால் புல்லின் மேல் சுமை கூடிக்கொண்டே போகும். போட்டி நடக்கும் சில நாட்களுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம், பருவம் முழுவதும் முடியாது.

எப்போது ஓட்டவே கூடாது?

மழை பெய்து மண் நீரில் ஊறியிருக்கும்போது ஓட்டக் கூடாது. உள்ளங்கையை கிரீனில் வைத்து அழுத்தினால் விரல்களுக்கு இடையில் நீர் எட்டிப் பார்க்கிறதென்றால், அன்றைக்கு ரோலர் கொட்டகையிலேயே நிற்கட்டும். இலையில் உறைபனி இருக்கும்போதும் ஓட்டக் கூடாது. உறைந்த செல்கள் உடைந்து, வெயில் வந்தபின் உருளை போன பாதை முழுவதும் பழுப்பாக மாறும். நீரின்றிப் புல் வாடி நீலச்சாம்பல் நிறம் காட்டும் பிற்பகலிலும், காலடி பட்ட இடம் நிமிராமல் அப்படியே கிடக்கும் வேளையிலும் தவிர்க்க வேண்டும். மணல் தூவிய உடனேயும் வேண்டாம்; கூரிய மணலை உருளை இலைக்குள் அழுத்தி நசுக்கிவிடும். மணலைத் துலக்கி, நீர் விட்டு இறக்கியபின் ஓட்டுவதே முறை.

காற்றோட்டத் துளை போட்டபின் ஓட்டலாமா?

ஓட்டலாம், ஓட்டுவது நல்லதும்கூட. துளையிடும் முனைகள் தரையைத் தூக்கிவிட்டிருக்கும். துளைகளில் மணலை நிரப்பி, மேற்பரப்பு உலர்ந்தபின் ஒருமுறை ரோலர் ஓட்டினால் அந்த எழுச்சி படிந்து, கிரீன் சில நாட்கள் முன்னதாகவே ஆட்டத்துக்குத் தயாராகும். புல்வெட்டியின் கத்தி மேடுகளைச் சீவி விடுவதும் தவிரும்.

ஓட்டும் முறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கிரீனின் நடுப்பகுதி ரோலரால் கெட்டுப்போவதை அரிதாகவே பார்க்கிறோம். கெடுவது விளிம்புதான். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் இயந்திரம் நின்று, திசை மாற்றி, மறுபடி புறப்படுவது விளிம்பிலோ அதைச் சுற்றியுள்ள சற்று உயரமான புல்பட்டையிலோ நடக்கிறது. நிற்கும் இடத்திலும் புறப்படும் இடத்திலும் உருளை புல்லைத் தேய்க்கிறது. நாள்தோறும் அதே இடத்தில் இது நடந்தால், முதலில் இலை கருத்து மினுமினுக்கும், பிறகு மெலியும், பிறகு மண் தெரியும். மினுமினுப்பைக் கண்ட அன்றே இடத்தை மாற்றிவிட்டால் அடுத்த இரண்டும் வராது.

ஆகவே திசையைக் கடிகார முள்ளின்படி மாற்றிக்கொள்வது நல்ல வழக்கம்: ஒரு நாள் 12-லிருந்து 6-க்கு, அடுத்த முறை 9-லிருந்து 3-க்கு, அதற்கடுத்து 10-லிருந்து 4-க்கு, பிறகு 2-லிருந்து 8-க்கு. எந்த நாள் எந்தத் திசை என்று கொட்டகைச் சுவரில் எழுதி வைத்தால் ஓட்டுபவர் மாறினாலும் ஒழுங்கு மாறாது. மிதியை மெல்ல அழுத்தி, மெல்ல விட வேண்டும். இயந்திரத்தைக் கிரீனுக்குள் வைத்து வெடுக்கென்று வளைக்கவே கூடாது. ஓட்டத் தொடங்குமுன் பந்துத் தடங்களைச் சரிசெய்து, சிறு கல்லோ குச்சியோ கிடந்தால் எடுத்துவிட வேண்டும். கல்லின் மேல் உருளை ஏறினால் கிரீனில் குழியும் உருளையில் வடுவும் விழும், அந்த வடு அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் கிரீனில் அச்சுப் பதிக்கும்.

மேடுபள்ளமான கிரீனை ரோலரால் சமன் செய்ய முடியுமா?

முடியாது. சில மில்லிமீட்டர் குறைகள் தட்டையாகும். அதற்கு மேற்பட்ட மேடுபள்ளத்துக்கு மெல்லிய அடுக்காக மணல் தூவித் தூவித்தான் தீர்வு காண வேண்டும். ரோலரில் கூடுதல் எடை ஏற்றி மேட்டை அமுக்கப் பார்ப்பவர்கள் அந்த இடத்து மண்ணை இறுக்கிவிடுகிறார்கள்.

உறுப்பினர்கள் எந்நேரமும் வேகமான கிரீன் வேண்டும் என்கிறார்கள். என்ன சொல்வது?

அவர்களைக் கிரீனுக்கே அழைத்துச் சென்று காட்டுவது நல்லது. வேகம் கூடக்கூட, சரிவில் பந்து நிற்க மறுக்கும்; அதனால் குழி வைக்கத் தகுந்த இடம் சுருங்கும். வேகம் 8 அடியாக இருந்த காலத்தில் கட்டப்பட்ட, சரிவு மிகுந்த கிரீனில் 11 அடி வேகத்தைக் கொண்டுவந்தால், குழியை மாற்றி மாற்றி வைக்க இரண்டு மூன்று இடங்களே எஞ்சும். எல்லோரும் அந்த இடங்களைச் சுற்றியே நடப்பதால் அங்கே புல் தேய்ந்துபோகும். ஒவ்வொரு குழுவும் பந்தை உருட்டும் அடிகளைக் கூடுதலாக ஆடுவதால் ஆட்டமும் இழுபடும். அந்த மைதானத்தின் சரிவுக்கும் புல்லுக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ற ஒரு வேகத்தை நிர்வாகக் குழுவும் பராமரிப்பாளரும் சேர்ந்து முடிவு செய்து, எல்லாக் கிரீன்களையும் அதற்கு நெருக்கமாக வைத்திருப்பதே நேர்மையான சேவை. ஒரு கிரீன் 9 அடியாகவும் அடுத்தது 11 அடியாகவும் இருப்பதுதான் ஆட்டக்காரரை உண்மையில் தடுமாற வைக்கிறது. மெதுவான கிரீனில் மட்டும் கூடுதலாக ஒருமுறை ரோலர் ஓட்டி அந்த இடைவெளியைக் குறைக்க முடியும்.

இயந்திரத்தைப் பேணுவதில் முக்கியமானது எது?

ஹைட்ராலிக் எண்ணெயில் இயங்கும் ரோலரானால், குழாய்களையும் இணைப்புகளையும் ஒவ்வொரு காலையும் கிரீனுக்கு வெளியே வைத்துப் பார்க்க வேண்டும். சூடான எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடம் கருகும். குழாய் வெடித்துவிட்டால், ஓட்டுநர் கவனிப்பதற்குள் கிரீனின் குறுக்கே கோடு விழுந்துவிடும், அந்தப் புல்லை வெட்டியெடுத்துவிட்டு வேறு புல் பதிக்க நேரும். உருளைகளில் ஒட்டிய மண்ணையும் புல்லையும் வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும், உருளையைத் துடைத்துக்கொடுக்கும் தகடு தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். தாங்கிகளுக்கு உரிய காலத்தில் கிரீஸ் வைக்க வேண்டும். மணல் தூவிய வாரங்களில் இன்னும் அடிக்கடி வைக்க வேண்டும்.